பொருளடக்கத்தில் இல்லாதவள்

எக்ஸ்ரே அத்தைக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். பாத்திரம் கழுவுவாள். அவள் கழுவுகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இன்றைக்கு யார் மாட்டிக்கொண்டார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அங்கே பாத்திரம் கழுவ மெஷின் இருந்தது. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் போனதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவள் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான். அவன் செய்த வேலை அப்படி.

அத்தைக்கு அந்தப் பெயர் உத்தியோகத்தால் வந்தது. ஓய்வு பெறும்வரை பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நின்று, "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்போ விடுங்க" என்று ஊர்ப்பட்ட பேருக்குச் சொன்னவள். குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக் காட்டிக் கிண்டல் செய்தே வளர்ந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். ஆளுக்கு ஓர் அத்தியாயம். தலைப்பும் சுற்றிவளைக்காமல் அண்ணன், அண்ணி, தம்பி, பல் டாக்டர், வக்கீல் என்றே வைத்தாள். பல் டாக்டர் அண்ணனின் மகன், வக்கீல் அவன் மனைவி. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், முதல் அத்தியாயமாக அவள் எழுதியது கூடப்பிறந்தவர்களில் மூத்தவளான பெரியக்காவைப் பற்றி. சொல்லப்போனால் அந்த ஓர் அத்தியாயத்தை எழுதத்தான் அத்தனை பேரைப் பற்றியும் எழுதினாள். பெரியக்காவைப் பற்றி மட்டும் எழுதினால் ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

புத்தகத்தை ஃபைலாக்கியது தம்பி. அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைக்கிற வேலை அவனுக்கு. அண்ணனின் எழுபதாவது பிறந்தநாள் அடுத்த ஞாயிறு. அதையொட்டி அண்ணன் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இ-புக் ரீடர் வாங்கிக் கொடுத்தார். "என் தங்கச்சி எழுதின புத்தகம், எல்லாரும் படிக்கணும்" என்று அவர் சொன்னபோது அத்தை உருகிப்போனாள். அண்ணனிடம் அவளுக்கு நெடுநாளாக இருந்த கசப்பில் கொஞ்சம் கரைந்தும் போனது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் ரீடரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கண் சரியில்லை, அதனால் எழுத்தை ஆகப் பெரிதாக்கி வைத்திருந்தார். திரையில் நாலைந்து வார்த்தைக்கு மேல் நிற்காது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஓர் அத்தியாயத்தைத் தாண்டுவதற்குள் விரல் தேய்ந்துவிடும். வக்கீல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஒரு தட்டு தட்டுங்க மாமா. மெனு வருதா? அந்த மூணு கோட்டைத் தொடுங்க. அதான் பொருளடக்கம். இப்ப உங்க பேரைத் தொடுங்க. பாத்தீங்களா, நேரா உங்ககிட்ட வந்துடுச்சு."

"அட" என்றார் அண்ணன். "நடுவுல இருக்கிறதெல்லாம் புரட்ட வேண்டியதில்லையா?"

"எதுக்குப் புரட்டணும்?"

அதோடு அந்த வீட்டில் பக்கம் புரட்டும் வழக்கம் ஒழிந்தது. தட்டு, மூன்று கோடு, தன் பெயர். அண்ணன் தன்னைப் பற்றிப் படித்தார். அண்ணி தன்னைப் பற்றிப் படித்து முடித்துவிட்டு, மறுபடி தன் பெயரையே தட்டி முதலிலிருந்து தொடங்கினாள். அடுத்தவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை.

"அத்தை, புத்தகத்தை முடிச்சிட்டேன். சூப்பர்" என்றான் பல் டாக்டர்.

"முழுசுமா?"

"என் சாப்டர் முழுசும்."

கூடமே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். இந்தக் குடும்பத்திடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று அவளுக்கும் தெரியும். குரூப் போட்டோ வந்தால் தன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"முதல் சாப்டராவது படிச்சிருக்கலாமில்ல? பெரியக்காவைப் பத்தி எழுதினது. உனக்கு அவங்க பெரிய அத்தை."

அவன் புருவத்தைச் சுருக்கினான். "யாரு, சின்ன வயசுலயே செத்துப்போனாங்களே, அவங்களா? அவங்களைப் பத்தி சாப்டர் இருக்கா என்ன?"

"சின்ன வயசுலயா? யாரு சொன்னது?"

"அப்பாதான்."

பெரியக்கா செத்தபோது இவன் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அவள் தலையில் பாதி நரைத்திருந்தது. அத்தைக்குக் காது சூடாகியது. அவன் கையிலிருந்த ரீடரை வாங்கினாள். மேலே தட்டினாள். மூன்று கோட்டைத் தொட்டாள். பொருளடக்கம் அண்ணனில் தொடங்கியது. அப்புறம் அண்ணி, தம்பி, பல் டாக்டர், வக்கீல் என்று வரிசையாக இறங்கி நன்றியில் முடிந்தது. பெரியக்கா இல்லை.

அண்ணியின் ரீடரை வாங்கிப் பார்த்தாள். இல்லை. வக்கீலிடம் இருந்ததிலும் இல்லை. அத்தையின் சொந்த ரீடரில் இருந்தது. தம்பி அவளுக்கு அனுப்பிய ஃபைலில் பெரியக்கா முதல் ஆளாக இருந்தாள், அவள் தினமும் பார்த்திருக்கிறாள். ஆக, அவளுக்கு ஒரு புத்தகம், மற்றவர்களுக்கு ஒரு புத்தகம். பாவிப் பயல்.

வருஷக்கணக்கில் படத்தில் நிழல் தேடிப் பழகிய கண் அவளுக்கு. நன்றி என்பதைத் தட்டி, அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நன்றி முடிந்தது. ஒரு வெற்றுப் பக்கம். இன்னொரு வெற்றுப் பக்கம். இன்னுமொன்று. யாராக இருந்தாலும் புத்தகம் முடிந்துவிட்டது என்று மூடிவைக்கிற இடம். அத்தை இன்னொரு முறை தள்ளினாள். தலைப்பு என்று தெரியாத அளவுக்குச் சிறிய எழுத்தில் 'பெரியக்கா' என்று இருந்தது. கீழே அவள் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"அண்ணா, பெரியக்கா எங்க?"

தோல் அறுந்தது.

"கடைசியில இருக்கும்மா."

"கடைசியிலன்னா?"

"நன்றிக்கு அப்புறம். நான் ஒண்ணும் எடுக்கச் சொல்லலை. ஒரு எழுத்துகூட அழிக்கலை, தம்பியை வேணா கேட்டுப் பாரு. தேடிப் படிக்கணும்னு நினைக்கிறவங்க தேடிப் படிச்சுக்கட்டும். பொருளடக்கத்துல மட்டும் வேணாம்னேன். அடுத்த வாரம் கிளப்புலேருந்து எல்லாரும் வராங்க. என் சாப்டரை வாசிக்கப் போறோம். அந்த நேரத்துல யாராவது லிஸ்டைப் பாத்துட்டு, யாரு சார் இது பெரியக்கான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உங்களைப் படிக்க வெச்சவன்னு சொல்லுங்க."

"ஏம்மா நல்ல நாள் அதுவுமா…"

"வெத்துப் பக்கம் விட்டு ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"ஒளிக்கலை. ஓரமா வெச்சிருக்கு. அவ்வளவுதான்."

ஓரமாக. அந்த வார்த்தையை அண்ணன் வாயால் கேட்டதும் அத்தைக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எழுந்து சமையலறைக்குப் போனாள். சிங்க் துடைத்துவிட்டது மாதிரி காலியாக இருந்தது. மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு சுற்றியது. கழுவ ஒரு டம்ளர்கூட இல்லை. வெறும் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தம்பி குடியிருப்பது இதே வீட்டின் மாடியில்தான். வயிற்று வலி என்று சொல்லிச் சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை. ஏறிப் போய்ப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. வயிற்று வலிக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸுக்குப் போய்விட்டான்.

பெரியக்காவை ஓரமாக வைப்பது இந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா போனபோது அம்மா படுத்த படுக்கை. பெரியக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பிஸ்கட் ஃபேக்டரியில் பாக்கெட் போடுகிற பிரிவில் சேர்ந்தாள். உடைந்த பிஸ்கட்டை வாரக் கடைசியில் தொழிலாளர்களுக்குக் கொடுப்பார்கள். அண்ணன், அத்தை, தம்பி மூன்று பேரும் அதைத் தின்று வளர்ந்தவர்கள். முழு பிஸ்கட் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தம்பிக்கு வெகு நாள் தெரியாது. அண்ணன் கணக்குப் படித்து ஆடிட் ஆபீசர் ஆனார். அத்தை ஆஸ்பத்திரி வேலைக்குப் படித்தாள். எல்லோரும் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பெரியக்கா சொன்னாள். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை வேறு. அப்போது அண்ணனுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரா நாங்களா என்று கேட்டார் அண்ணன். அவர்தான் என்றாள் பெரியக்கா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். மறுநாள் அவள் துணிமணிகள் வாசற்படிக்கு வெளியே இருந்தன. மடித்துத்தான் வைத்திருந்தார் அண்ணன், அதில் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலையில் அத்தை அச்சகத்துக்குப் போனாள். கீழே மெஷின்கள் தடதடத்தன, அந்த அதிர்வு மாடிப்படிக் கைப்பிடியில் தெரிந்தது. மை வாடை மூக்கில் ஏறியது. தம்பியின் அறையில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி ப்ரூஃப் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் திறந்திருந்தது. தன் சின்னக்காவான அத்தையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வயித்து வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை" என்று மென்று விழுங்கினான்.

"உனக்கு வயித்துல வலி இல்லடா. முதுகுல எலும்பு இல்லை. நான் படம் எடுத்துத்தான் பாக்கணும்னு இல்லை."

மூலையில் ப்ரூஃப் பார்க்கிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

"சின்னக்கா, நான் ஒரு எழுத்தையும் அழிக்கலை" என்றான் தம்பி. மனப்பாடம் செய்து வைத்திருந்தான். "பக்கம் புரட்டினா வரும். உள்ள வரிசையில இருக்கு. பொருளடக்கத்துலதான் இல்லை."

"நம்ம வீட்டுல எவன்டா பக்கம் புரட்டறான்?"

 கீபோர்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் பாய்வதற்கு அத்தை நிறைய வார்த்தைகள் கொண்டுவந்திருந்தாள். பெரியக்கா இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஃபேக்டரி வாசல் வரைக்கும் போனதை, அங்கே அத்தையிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடியதை, எல்லாவற்றையும் சொல்லி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் கேட்டது வேறு.

"நான் கையால எழுதினதை நீதானே டைப் பண்ணினே. பெரியக்கா சாப்டர் முடிச்ச அன்னிக்கு எனக்கு போன் பண்ணினியே. போனை எடுத்தா பேசவே இல்லை. மூக்கை உறிஞ்சற சத்தம்தான் கேட்டுது. அது யாரு, நீயா, வேற எவனாவதா?"

"நான்தான்."

"அப்புறம் எப்படிடா வெத்துப் பக்கம் வெக்க கை வந்துது?"

"மாடியில இருக்கேன் சின்னக்கா" என்றான் அவன். "அண்ணன் வீட்டு மாடியில இருக்கேன். தினமும் அவர் முகத்துல முழிக்கணும். சொன்னா செஞ்சுதான் ஆகணும்."

இதுதான் அத்தைக்கு ஆறவில்லை. அண்ணன் கெட்டவர் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இவன் நல்லவன். நல்லவனாக இருந்துகொண்டே கண்டும் காணாமல் எல்லாவற்றையும் செய்கிறவன். இவனைப் போன்றவர்கள் இல்லையென்றால் அண்ணன் தன் கையாலேயே வெற்றுப் பக்கம் வைக்க வேண்டியிருந்திருக்கும், அந்த வேலை அவருக்குத் தெரியாது.

"அதைத் திற" என்றாள். "பொருளடக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டு."

அவன் திறந்தான். ஒரு பக்கம் அத்தியாயத் தலைப்புகள், இன்னொரு பக்கம் அவளுக்குப் புரியாத குறியீடுகள்.

"இடது பக்கம் இருக்கிறது பேரு. ஜனங்க கண்ணுக்குத் தெரியறது அதுதான். அதுக்குப் பின்னாடி ஒரு முகவரி இருக்கும், அது தெரியாது. பேரைத் தட்டினா அந்த முகவரிக்குப் போகும். அடுத்த சாப்டர்னு ஒரு அம்பு இருக்கே, அதுவும் இதைப் பாத்துத்தான் தாவும்."

"பேரு ஒண்ணா இருந்து முகவரி வேறயா இருக்கலாமா?"

"இருக்கலாம். தப்பா போட்டா அப்படித்தான் ஆகும். போன வருஷம்கூட ஒரு புத்தகத்துல…"

"எல்லாப் பேருக்கும் ஒரே முகவரி குடுக்கலாமா?"

தம்பி நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். "குடுக்கலாம். ஆனா எந்த மடையன் அப்படிச் செய்வான்?"

"நீ செய்வே."

கீழே மெஷின் நின்றது. பேப்பர் மாற்றுகிறார்கள் போலிருந்தது. அந்த அமைதியில் அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"பெரியக்கா பேரைப் பொருளடக்கத்துல போட வேணாம். அண்ணன் பாத்து சரின்னு சொன்ன மாதிரியே இருக்கட்டும், ஒரு பேரு கூடவும் வேணாம், குறையவும் வேணாம். அந்தச் சாப்டரை மட்டும் நான் வெச்ச இடத்துல, முதல்ல கொண்டுபோய் வெச்சுடு. எல்லாப் பேருக்கும் பின்னாடி அவ முகவரியைப் போடு. யாரைத் தட்டினாலும் அவகிட்டதான் போகணும். நானும் உன்னை ஒரு எழுத்தையும் அழிக்கச் சொல்லலை. அவங்கவங்க சாப்டர் உள்ள வரிசையில இருக்கட்டும். பக்கம் புரட்டினா வருமில்ல?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். "அண்ணன் என்னை மாடியை விட்டு இறக்கிடுவார்."

"இறக்கட்டும். என் வீட்டுல பின்பக்க ரூம் சும்மாதான் கிடக்கு. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. பாத்திரம் கழுவ நான் இருக்கேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து கண்ணும் கலங்கியது. உட்கார்ந்தான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருந்த முகவரியை அழித்து, புதிதாகப் போட்டுக்கொண்டே வந்தான். தன் பெயருக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஓங்கியே பட்டனைத் தட்டினான். தலைப்பைப் பெரிய எழுத்தாக்கினான். வெற்றுப் பக்கங்களைத் தூக்கியெறிந்தான். அத்தை பின்னால் நின்று, கை கட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் கோபம் தணிந்ததா என்றால் இல்லை. ஆனால் கோபத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஃபைலை உடனே அனுப்பவில்லை. ஞாயிறு காலை, விருந்தாளிகள் வரத் தொடங்கிய நேரத்தில், 'பிழை திருத்திய ஃபைல்' என்று எல்லோருடைய ரீடருக்கும் தம்பி அனுப்பிவைத்தான். புதுச் சட்டையில் வரவேற்பில் நின்றிருந்த அண்ணன் அதைத் திறந்து, மேலே தட்டி, மூன்று கோட்டைத் தொட்டு, பொருளடக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அண்ணன், அண்ணி, தம்பி என்று தொடங்கி நன்றியில் முடிந்தது. பெரியக்கா இல்லை. நிம்மதியாக மூடினார். போகிறபோக்கில் தங்கையின் தோளைத் தட்டி, "கோவம் போயிடுச்சா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணா" என்றாள் அத்தை.

கூடத்து நாற்காலிகள் போதாமல் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். கிளப் நண்பர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் நடு சோபாவில். வாசிக்கும் பொறுப்பு வக்கீலுக்கு, அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும். அண்ணனுடைய ரீடரையே வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். குடும்பத்தார் அவரவர் ரீடரைக் கையில் வைத்திருந்தார்கள். தம்பி மாடிப்படியின் கடைசிப் படியில், இறங்கியும் இறங்காமலும் நின்றான். அத்தை சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

வக்கீல் அண்ணனின் பெயரைத் தட்டி, கூடத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடியே தலைப்பைத் தள்ளிவிட்டு, வாசிக்கத் தொடங்கினாள்.

"இந்தக் குடும்பத்தில் முதன்முதலில் வேலைக்குப் போனவர். மற்ற எல்லோரும் நிமிர்ந்து நிற்பது இவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான்."

கிளப் நண்பர்கள் தலையாட்டினார்கள். அண்ணன் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். ஒரு வாரமாகத் தினமும் படித்த அத்தியாயம் இப்படித் தொடங்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"பதினாறு வயதில் பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் சேர்ந்தார்."

"நீங்க பிஸ்கட் கம்பெனியில இருந்தீங்களா?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர். "சொல்லவே இல்லையே சார்."

அண்ணன் நிமிர்ந்தார். "அது இல்லைம்மா. தப்பாத் தட்டிட்டே. என்னோடதைத் தட்டு."

வக்கீல் திரும்பப் போய், பெயரைச் சரிபார்த்துத் தட்டினாள். பார்த்தாள். இன்னொரு முறை தட்டினாள். "உங்க பேரைத்தான் தட்டறேன் மாமா. இதுதான் வருது."

பல் டாக்டர் தன் பெயரைத் தட்டினான். "எனக்கும் இதே வருது." அண்ணி தட்டினாள். நாற்காலிகளில் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். வந்ததைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தாண்ட ஒருவருக்கும் தோன்றவில்லை, அடுத்த அத்தியாயத்துக்கான அம்பைத் தொட்டவர்களும் அதே இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வேறு வழியில்லாமல், வந்ததைப் படிக்கத் தொடங்கினார்கள். 

அண்ணன் மாடிப்படிப் பக்கம் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"டேய், என் சாப்டர் எங்கடா?"

 தம்பி கடைசிப் படியிலிருந்து இறங்கி, கூடத்துக்கு வந்து நின்று சொன்னான். "இருக்குண்ணா. ஒரு எழுத்து அழிக்கலை. பெரியக்காவுக்கு அடுத்ததா இருக்கு. அவங்களைப் புரட்டித் தாண்டினா வரும்."

"இப்பவே மாத்துடா. இந்த நிமிஷமே."

"மாட்டேண்ணா" என்றான் தம்பி. ஐம்பது வயதுக்கு மேல் அவன் அண்ணனிடம் சொன்ன முதல் மாட்டேன் அது. சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திகைத்துப் போனான்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "நீதானே? எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தணும், அதானே உனக்கு?"

"உங்களை யாரும் ஒண்ணும் பண்ணலை. உங்களை ஓரமா வெச்சிருக்கு, அவ்வளவுதான்." அதற்குமேல் அவளுக்கு மரியாதைக்கு இடமில்லை. சின்ன வயதிலிருந்து நீங்க என்று கூப்பிட்ட வாய் திரும்பியது. "எப்படி இருக்குன்னு ஒரு நாள் இருந்து பாரு."

வக்கீல் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனின் ரீடரை மேஜைமேல் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள். சின்ன எழுத்தில், வேகமாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். ஓர் இடத்தில் நின்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள். அவள் குரல் முன்போல இல்லை.

"என் எக்ஸ்ரே அறையில் நான்தான் பெரியக்காவைப் படம் எடுத்தேன். இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. அங்கிருந்தே அண்ணனுக்கு போன் செய்து, பெரியக்கா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னேன். வருகிறேன் என்றார். வார்டின் கதவு திறக்கும்போதெல்லாம் பெரியக்கா தலையைத் தூக்கிப் பார்ப்பார். நர்ஸ் வருவாள், டாக்டர் வருவார். கடைசி நாளன்று நான் அண்ணனைத் திட்டத் தொடங்கியதும் பெரியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். 'திட்டாதடி. அவனுக்கு லீவு கிடைச்சிருக்காது, பாவம்' என்றார்."

வக்கீல் ரீடரைத் தாழ்த்தினாள். எதிராளியை மடக்குகிற குரலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"லீவு கிடைக்கலையா மாமா?"

பல் டாக்டர் அப்பாவைப் பார்த்தான். அண்ணி பார்த்தாள். பாய்லர்காரர், பெண் குழந்தை, வாசலில் மடித்து வைத்த துணி என்று எல்லாவற்றையும் அந்த நேரத்தில் அவரவர் திரையில் படித்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்தது. கிளப் நண்பர்கள் டீ கப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் அத்தை ஒரு வாரம் காத்திருந்தாள். மனசு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தர் வாய் திறப்பதற்கு இத்தனை வருஷம் ஆனதே என்று இன்னும் எரிந்தது. சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து அப்படியே பிடித்தபடி, அண்ணன் வாயையே பார்த்தாள்.

அண்ணன் மேஜைமேலிருந்த தன் ரீடரை எடுத்தார்.  பக்கம் பக்கமாகப் புரட்டித் தாண்ட அவருக்குத் தோன்றவில்லை. மேலே தட்டினார், மூன்று கோட்டைத் தொட்டார், தன் பெயரைத் தட்டினார். ஆகப் பெரிய எழுத்தில், திரை முழுக்க, பெரியக்கா வந்தாள். திரும்பப் போய்த் தன் பெயரைத் தட்டினார். பெரியக்கா வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தன் பெயரையே தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவள்தான் வந்தாள்.